கொச்சைக்கு ஒரு வக்காலத்து

பண்டித நண்பர் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. பேச்சு நின்றுபோனதில் எனக்குப் பெரிய நஷ்டமொன்றுமில்லை. ஆனால் எதற்காக நின்றது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழக்குக்கு நீதிபதிகள் நீங்கள்தான்.

என் கதையொன்றில், விஸ்வநத்தத்துப் பெண்பிள்ளை ஒருத்தி விடியற்காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, “ஆபீசுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறாள். அவ்வளவுதான். பத்திரிகையில் அச்சாகி வந்தபோது அவள், “தொழிற்சாலைக்கு நேரமாயிற்று” என்று சொல்லிப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியரைக் கேட்டேன். அவர் மெத்தப் பணிவாக, மெய்ப்புப் பார்த்த பண்டிதரைக் கைகாட்டினார். பண்டிதரிடம் போனேன்.

“கொச்சையை நீக்கினேன். அதிலே கருத்துப் பிழையும் இருந்தது. தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு ஆபீஸ் ஏது?” என்றார்.

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பதில் என்பது வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிய பிறகுதான் தோன்றும். செருப்பைக் கழற்றியாகிவிட்டது. இனிச் சொல்கிறேன்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ. ‘நத்தம்’ என்றால் குடியிருப்பு. ரெவின்யூக் கணக்கில் ‘கிராம நத்தம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். வானம் பார்த்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன் பின்னால் பட்டாசு வந்தது, அச்சு யந்திரம் வந்தது. வயல் வேலை இல்லாத வீடுகளில் வாரக் கூலி வந்தது. அந்த வட்டாரத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று பெயர். பட்டாசு செய்கிற இடம் ‘பயராபீஸ்’. முதலாளியும் அப்படித்தான் சொல்கிறார். மருந்து செலுத்துகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும், “எங்கம்மா ஆபீசுக்குப் போயிருக்கு” என்பான். மேஜையும் நாற்காலியும் மின்விசிறியும் உள்ள இடத்துக்கு மட்டுமே ஆபீஸ் என்று பெயர் என்பது பண்டிதரின் எண்ணம். உழைத்துக் கூலி வாங்குகிற இடம் எதுவானாலும் அது ஆபீஸ் என்பது விஸ்வநத்தத்தின் எண்ணம். எந்த எண்ணம் பெரிது என்று தராசு வைத்துப் பாருங்கள்.

என் பெரியப்பா மகனின் சம்சாரம், எனக்கு மதினி முறை, அந்த ஊரில் நாற்பது வருஷம் ஆபீசுக்குப் போனவர்கள். சிறுமியாக இருந்தபோது கட்டை அடுக்கினார்கள். பிறகு குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டினார்கள். கல்யாணமான பிறகு பயராபீஸ். நான் எழுத்தாளன் என்பதில் அவர்களுக்குச் சிறிது பெருமையும் அதைவிடச் சிறிது அதிகமாக அனுதாபமும் உண்டு. அவர்கள் பேச்சை நான் திருடியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ‘நமுத்துப் போனவன்’ என்று ஒரு மனிதரை அவர்கள் சொன்னால், அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் எனக்கு விளங்கிவிடும். ஈரம் குடித்த வெடி எப்படியோ அப்படி. திரியில் தீப்பிடிக்கும், உள்ளே போகும், சத்தம் மட்டும் வராது. இதற்கு ஈடாகச் செந்தமிழில் நான்கு வரி எழுத வேண்டும். எழுதினாலும் மனிதர் அதில் அகப்படமாட்டார். இரண்டு வீட்டுக்கு நடுவில் சண்டை மூட்டுகிறவன் ‘கொளுத்திப் போடுகிறவன்’. பெரிதாக ஆரம்பித்து ஒன்றுமில்லாமல் முடிகிற காரியம் ‘புஸ்வாணம்’. நம்மூர்க் கல்யாணப் பேச்சுகளிலும் கமிட்டிக் கூட்டங்களிலும் புஸ்வாணம் ஆனவை எத்தனை!

இந்தப் புஸ்வாணத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ‘புஸ்’ என்பது சத்தம். தமிழனின் காது தானே செய்துகொண்ட சொல். ‘வாணம்’ என்பது அம்பைக் குறிக்கும் வடமொழி ‘பாண’த்திலிருந்து வந்தது. ராமனும் அர்ச்சுனனும் எய்தது எதுவோ, அதுவே தீபாவளியன்று நம் வீட்டு வாசலில் ‘புஸ்’ஸென்று போகிறது. பக்கத்திலேயே குழந்தையின் கையிலிருக்கும் ‘மத்தாப்பு’ பாரசீகத்துச் சரக்கு. ‘மஹ்தாப்’ என்றால் நிலவொளி. காகிதத்தில் சுற்றிய நிலவு! இதை எந்தக் கவிராயரும் பாடி வைக்கவில்லை. பெயர் தெரியாத வாணக்காரர்கள் சொல்லி வைத்தார்கள்.

பண்டிதர் இங்கே குறுக்கிடுவார். “அகராதியில் ஏறிய சொற்களைப் பற்றி எனக்கு வழக்கில்லை. தெருப்பேச்சைத்தான் சொல்கிறேன்” என்பார். நல்லது. தெருவுக்கே போவோம்.

சென்னைப் பட்டணத்துத் தெருவில் ஒருவன் இன்னொருவனை ‘கஸ்மாலம்’ என்று ஏசுகிறான். காதைப் பொத்திக்கொள்கிறீர்கள். அது சுத்த சம்ஸ்கிருதம், ஐயா! பகவத்கீதையில் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், சோர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணபிரான் சொல்லும் வார்த்தைகளில் இந்தச் சொல்லும் ஒன்று. அங்கே மனத்தளர்ச்சி, மயக்கம், இங்கே அழுக்கு. ரிக்ஷாக்காரர் கீதை படித்துத் திட்டினார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே சொல் பூஜை அறையிலும் ரிக்ஷா ஸ்டாண்டிலும் வசிக்கிறது என்கிறேன். ‘பேஜார்’ பாரசீகம், சலித்துப் போனவன் என்று பொருள். ‘பேமானி’ உருதுவின் ‘பே-ஈமான்’, விசுவாசமில்லாதவன். ‘கில்லாடி’ இந்தியில் விளையாட்டுக்காரன். ‘ஜல்சா’ என்பது அங்கே வெறும் சபைக் கூட்டம். நம்மவர்கள்தான் அதிலே கொஞ்சம் சந்தோஷத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது பண்டிதரின் சொந்தப் பேச்சைப் பாருங்கள். சென்ற வருஷம் அவருடைய புத்தகத்துக்கு ஒரு ‘சிபாரிசு’ வேண்டுமென்று என்னிடம் வந்தார். பதிப்பாளரிடம் ‘பாக்கி’ ‘வசூல்’ ஆகவில்லை என்று வருத்தப்பட்டார். ‘வக்கீல்’ வைக்கலாமா என்று யோசித்தார். சங்கத்துக் காரியதரிசி பதவியை ‘ராஜினாமா’ செய்ததைச் சொன்னார். இத்தனையும் அரபியும் பாரசீகமும் உருது வழியே வந்தவை. பேஜாரும் பேமானியும் ஏறி வந்த அதே வண்டியில்தான் இவையும் ஏறி வந்தன. ஆனால் இவற்றை யாரும் கொச்சை என்பதில்லை. ஏன்? இவை கச்சேரி வாசல் வழியாக, முத்திரைக் காகிதத்தோடு உள்ளே நுழைந்தவை. மற்றவை சந்து வழியாக, தலையில் சுமையோடு வந்தவை. சொல்லின் குலத்தையா பார்க்கிறோம்? இல்லை, அதை யார் வாயில் கேட்டோம் என்று பார்க்கிறோம். கொச்சை என்ற தீர்ப்பு சொல்லுக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. பண்டிதர் வெட்டியது ‘ஆபீஸ்’ என்ற சொல்லை அல்ல. என் மதினி அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று வெட்டினார். அவருடைய மாப்பிள்ளை தினமும் ஆபீசுக்குப் போகிறார். அதை அவர் வெட்டியதாகத் தெரியவில்லை.

அவர் வணங்குகிற இலக்கணமாவது அவர் பக்கம் நிற்கிறதா? தொல்காப்பியர் சொற்களை நான்காகப் பகுத்தபோது, இயற்சொல்லுக்கும் திரிசொல்லுக்கும் வடசொல்லுக்கும் பக்கத்தில் திசைச்சொல்லுக்கும் பாய் போட்டு உட்கார வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதை ‘குழூஉக்குறி’ என்றார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள்; யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். இதை எந்தத் தலைப்பில் வைத்தார் தெரியுமா? ‘வழு’ என்ற தலைப்பில் அல்ல. ‘தகுதி வழக்கு’ என்ற தலைப்பில்! பொற்கொல்லனின் பறிக்குத் தகுதி உண்டென்றால் தீப்பெட்டிக்காரியின் ஆபீசுக்குத் தகுதி இல்லையா? பேரியம் நைட்ரேட்டைப் ‘பச்சை உப்பு’ என்று சிவகாசிக்காரன் சொல்வது, பவணந்தியார் இன்றிருந்தால் உரைகாரர் கையில் மூன்றாவது உதாரணமாயிருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடை செய்தபோது, அந்தப் பெயர் அங்கே பலருக்குப் புரியவில்லை. பச்சை உப்பு கிடையாது என்றவுடன் ஊரே ஸ்தம்பித்தது. அதே தீர்ப்பில் சரவெடிக்கும் தடை வந்தது. வெடிக்குத்தான் தடை, ‘சரவெடியாகப் பேசுகிறான்’ என்று சொல்வதற்கு யார் தடை போட முடியும்?

போகட்டும். இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

அந்த வட்டாரத்தில் ஒரு பயராபீஸ் வாசலில் பெரிய பலகை ஒன்று பார்த்தேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். “வேதியியற் கலவைகளை உராய்விற்கு உட்படுத்துதல் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்” என்று, பிழையே இல்லாத தமிழில், சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பண்டிதர் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். மதினி தினமும் அந்தப் பலகையின் கீழேதான் நடந்து போனார்கள்.

“மதினி, உராய்வுன்னா என்ன?” என்று கேட்டேன்.

“அது என்னமோ கவர்மெண்டுச் சொல்லு தம்பி. எனக்கெங்க தெரியும்?”

“பின்னே எப்படி ஜாக்கிரதையா இருந்தீங்க?”

“போர்மேன் அண்ணாச்சி சொல்லுவாக. மருந்தத் தேய்க்காத, இழுக்காத, தொப்புன்னு போடாத. அது போதும்ல.”

தேய்க்காதே, இழுக்காதே, தொப்பென்று போடாதே! மூன்று சொல். எட்டாம் நம்பர் எழுத்தில் எழுதினாலும் உயிரைக் காக்கும். அதைப் பலகையில் எழுதக் கூச்சப்பட்டவர்கள் யார்? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் வருஷந்தோறும் பத்திரிகையில் செய்தி வந்துகொண்டிருக்கிறது. ‘மணி மருந்து உராய்வு’ என்று அதிலே காரணம் போடுகிறார்கள். விபத்துகளுக்குப் பண்டிதத் தமிழ்தான் காரணம் என்று சொல்ல நான் பைத்தியக்காரனல்ல. காரணங்கள் வேறே இருக்கின்றன. பேராசை அவற்றில் முதலாவது. ஆனால் சாகிறவளுக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை எழுதிவிட்டு, அவள் மொழியைக் கொச்சை என்று ஒதுக்குகிற கனவான்கள் கொஞ்சம் தலை குனியத்தான் வேண்டும்.

இன்னொரு கட்சிக்காரர் இருக்கிறார். “மற்ற தேசங்களில் எல்லாம் மொழியைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், நாம்தான் குப்பைமேடாக்கிவிட்டோம்” என்பது அவர் புலம்பல். அவருக்காகத் தென்னாப்பிரிக்கா வரை போய்வர வேண்டியிருக்கிறது. தூரம் என்று பயப்படாதீர்கள். போகிற வழியெல்லாம் நம் சொந்தக்காரர்கள்.

1652-இல் டச்சுக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனையில் கப்பல்களுக்குக் காய்கறி பயிரிட ஒரு குடியிருப்பைப் போட்டார்கள். ஆறே வருஷத்தில், 1658-இல், அதே கம்பெனி தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. ஒரே முதலாளி, இரண்டு கடை. அங்கே டச்சுக்காரனின் வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஜாவாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களோடு, நம் சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்துப்போன ஏழைகளும் இருந்தார்கள். அவர்கள் பேசிய உடைந்த டச்சுதான் நாளடைவில் ஆப்ரிகான்ஸ் என்கிற பாஷையாயிற்று. ஹாலந்துக்காரனும் படித்த வெள்ளைக்காரனும் அதற்கு வைத்த பெயர் ‘அடுப்படிப் பாஷை’. கொச்சை என்பதற்கு டச்சு மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாஷையில் ‘மிக’ என்பதற்கு வழங்கும் ‘பையா’ என்ற சொல் மலாய் அடிமைகளின் ‘பன்யாக்’. காப்பித் தட்டுக்குப் பெயர் ‘பீரிங்’, அதுவும் மலாய். நாயை விரட்டுகிற ‘ஃபுட்செக்’ என்ற அதட்டல் “போ என்கிறேன் நான்” என்ற முழு டச்சு வாக்கியம் தேய்ந்து சிறுத்தது. சோழநாடு சோணாடாகத் தேய்ந்தால் மரூஉ என்று மாலை போடுகிற பண்டிதர் இதற்கு என்ன போடுவார்? நம் கறி அங்கே ‘கெர்ரி’. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘காட்டெல்’. 1830-களில் வெள்ளைக் குடியானவர்கள் மாட்டுவண்டிகளில் குடும்பத்தோடு உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள் என்று அவர்கள் சரித்திரத்தில் பெருமையாக எழுதியிருக்கிறதே, அந்த வண்டிக்குள் தோல் வார் பின்னிய படுக்கைச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் பெயர் காட்டெல். அது போர்த்துக்கீசியன் தூக்கிக்கொண்டுபோன நம்முடைய கட்டில்! அவர்கள் தங்கள் புண்ணிய யாத்திரையில் தமிழின் மேல்தான் படுத்துத் தூங்கினார்கள்.

கணக்கைச் சரிசெய்ய டச்சுக்காரனும் இங்கே சிலவற்றை விட்டுப்போனான். அவனுடைய செப்புக் காசு ‘டெய்ட்’. அதுதான் நம் ‘துட்டு’ என்று அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். அவனுடைய ‘கக்ஹெய்ஸ்’ நம் ‘கக்கூஸ்’. முதல் பாதி ஆப்ரிகான்ஸில் இன்றும் நாலுபேர் நடுவே சொல்லக்கூடாத வார்த்தை. யாழ்ப்பாணத்தார் ஆபீசைக் ‘கந்தோர்’ என்று வழங்கியதும் டச்சுதான். கேப் டவுனிலும் அதே சொல்தான். ஆகவே விஸ்வநத்தத்து மதினி ‘ஆபீஸ்’ என்பதற்குப் பதிலாகக் ‘கந்தோர்’ என்றிருந்தால், பண்டிதர் அதைப் பழந்தமிழ் என்று நினைத்து விட்டிருக்கவும் கூடும்.

அடுப்படிப் பாஷையின் கதை இங்கே முடியவில்லை. 1875-இல் பார்ல் என்ற ஊரில் சிலர் கூடி, இது எங்கள் மொழி என்று சங்கம் வைத்தார்கள். அதற்கு முன்பே கேப்பின் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் அதை எழுதத் தொடங்கியிருந்தார்கள். 1925-இல் அது ஆட்சிமொழியாயிற்று. 1933-இல் பைபிள் வந்தது. இதுவரை கேட்டுவிட்டு நான் கைதட்டத்தான் நினைத்தேன். ஆனால் நாற்காலியில் ஏறியதும் கொச்சைக்குப் புத்தி மாறிவிட்டது. அடிமைகளின் வாயில் பிறந்த மொழி, வெள்ளையனின் சுத்தமான மொழி என்று பட்டம் கட்டிக்கொண்டது. கறுப்புப் பிள்ளைகள் பாதிப் பாடங்களை அதிலேதான் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1976 ஜூன் 16-ஆம் தேதி சொவெட்டோவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது. குழந்தைகள் செத்தார்கள். அதே ஊர்ச் சந்துகளில் இளைஞர்கள் அதே ஆப்ரிகான்ஸை உடைத்து, ஸூலுவும் சோத்தோவும் கலந்து ‘சோட்சிதால்’ என்று ஒரு புதுப் பேச்சைச் செய்துகொண்டதும் உண்டு. கேப் டவுனின் கலப்பினத்தார் பேசும் ‘காப்ஸ்’ இன்னும் கொச்சை என்று ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2021-இல்தான் அதற்கு ஓர் அகராதி செய்யும் வேலை தொடங்கியது. சுத்தமாக வைத்திருக்கிறார்களாம் சுத்தமாக!

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கொச்சை என்றாலே கொஞ்சி முத்தமிடுகிற நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்களுக்கு இது ருசிக்காது.

1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் நங்கூரம் போட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளிகள். அடுத்த ஐம்பது வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பாதிக்கு மேல் சென்னைத் துறைமுகத்தின் வழியே. விஸ்வநத்தத்தில் வாரக் கடைசியில் மதினி கைநீட்டி வாங்குகிற ‘கூலி’ இருக்கிறதே, அது எவ்வளவு கௌரவமான சொல்! வியர்வைக்கு விலை. அந்தச் சொல் கடலைத் தாண்டியதும் மனிதனுக்குப் பெயராகிவிட்டது. இந்தியன் எவனும் ‘கூலி’. (குஜராத்தின் கோலி வகுப்பாரின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள், இரண்டும் கலந்திருக்கவும் கூடும்.) காந்தியடிகள் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’. நம்மவர் பெயர்களின் கடைசியில் வருகிற ‘சாமி’யைப் பிடித்துக்கொண்டு, இந்தியரையெல்லாம் ‘சாமி’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சாமர்த்தியமுள்ள இந்தியன் என்ன பதில் சொல்வான் என்று காந்தி தம் சுயசரிதையில் சொல்கிறார்: சாமி என்றால் எஜமானன் என்று பொருள், என்னை அப்படிக் கூப்பிடுகிறாயே, நான் உனக்கு எஜமானன் இல்லையே என்பானாம். சில வெள்ளைக்காரர்கள் நெளிவார்கள். சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு சொல்லின் வேர் தெரிந்தவன் கையில் அது என்ன ஆயுதமாகிறது பாருங்கள்.

ஆனால் வேர் மட்டும் தெரிந்தால் போதாது. ‘காஃபிர்’ என்றால் அரபியில் விசுவாசமில்லாதவன். நம்முடைய பேமானிக்கும் ஏறக்குறைய அதுவே பொருள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பேமானி நம்மூரில் காபி ஹோட்டல் வாசலில் சிநேகிதர்கள் சொல்லிச் சிரிக்கிற சொல். மற்றதோ, வெள்ளையன் கறுப்பனைப் பார்த்து முந்நூறு வருஷம் சவுக்கோடு சேர்த்துச் சொன்ன சொல். 2018-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம், போலீஸ்காரர்களைப் பார்த்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒருவருக்குச் சிறைத் தண்டனையே விதித்தது. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள். யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலீஷ் பத்திரிகைகள் ஒதுக்கி வைத்த தேசத்தையும் ஒதுக்கி வைத்த மனிதனையும் ‘பரையா’ என்று கூசாமல் எழுதுகின்றன. நம் ஊரில் பறையடித்து வாழ்ந்த ஒரு மக்களின் பெயரைத்தான் அப்படி எழுதுகிறோம் என்று அவற்றுக்கு உறைப்பதில்லை.

மற்றவர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. வாலிபத்தில் எழுதிய ஹாஸ்யக் கதையொன்றில் ஒரு கதாபாத்திரம் வாய்க்கு வாய் ‘கேப்மாரி’ என்று ஏசும். வாசகர்கள் சிரித்தார்கள், நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நாலே வரி. “நீங்கள் வசவாக எழுதியிருப்பது என் பாட்டனாரின் கூட்டத்தாரின் பெயர். வெள்ளைக்காரன் எங்களைக் குற்றப் பரம்பரை என்று ரிஜிஸ்தரில் எழுதினான். நீங்கள் கதையில் எழுதியிருக்கிறீர்கள்.” கையெழுத்து இருந்தது, விலாசம் இல்லை.

1871-இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கும் குற்றவாளி என்று பெயர்; ரேகை உருட்டுவது, ராத்திரி போலீசில் ஆஜராவது எல்லாம் உண்டு. தேசம் முழுவதற்குமாக 1952-இல் அதை எடுத்தெறிந்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். என் பேனாவிலிருந்து அது போகவில்லை. அந்தக் கார்டை வெகு நாள் வைத்திருந்தேன். கதையை மறுபதிப்பில் சேர்க்கவில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கதையையும் ஒரு பண்டிதர்தான் மெய்ப்புப் பார்த்தார். அதில் ‘காப்பித் தண்ணி’யைக் ‘காப்பி’ என்று திருத்தியிருந்தார். ‘போயிட்டு’ என்பதைப் ‘போய்விட்டு’ என்று மாற்றியிருந்தார். கேப்மாரி அப்படியே இருந்தது. இலக்கணப்படி அதில் பிழை எதுவுமில்லை.

தப்பெண்ணங்களைக் கிளப்பிவிடுகிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. எந்தக் கொச்சைச் சொல்லைக் கண்டாலும் அதற்கு ஒரு வெள்ளைக்காரத் துரையையும் ஒரு குட்டிக் கதையையும் ஜோடித்துவிடுகிறவர்கள். சாட்சி கேட்டால் முறைப்பார்கள். உண்மைக் கதைகளே போதுமான அளவு விசித்திரமாக இருக்கும்போது இந்தக் கஷ்டம் எதற்கு? சென்னையில் ஹாமில்டன் பாலம் ஜனங்கள் வாயில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று; பிறகு அதை யாரோ சிரத்தையாக மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று இங்கிலீஷிலேயே எழுதினார்கள். இதைவிட நல்ல கதையை எந்தப் பொய்யன் கட்டுவான்?

கொச்சையை உழைத்துச் சேகரித்தவர்கள் இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி 1924-இலிருந்து 1936 வரை வெளிவந்தபோது அதிலேயே துட்டும் மத்தாப்பும் ஏறிவிட்டன. சிவகாசிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர், சம்சாரி. ஊரெல்லாம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். நம் பண்டிதர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்க ஆசை. பேச்சுத்தான் நின்றுபோய்விட்டதே.

போன மாதம் விஸ்வநத்தத்துக்குப் போயிருந்தேன். மதினி இப்போது ஆபீசுக்குப் போவதில்லை, முட்டி வலி. பேத்தி போகிறாள். ஏதோ பட்டம் வாங்கிவிட்டு ஒரு ஆபீசில், மேஜை நாற்காலி போட்ட ஆபீசில், கணக்கு எழுதுகிறாள். இந்தக் கட்டுரையை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். டச்சுக்காரன் கதைக்கு உம் கொட்டினார்கள். கக்கூஸ் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேப்மாரி வந்தபோது மட்டும், “பாவம் தம்பி, யாரு பெத்த பிள்ளையோ” என்றார்கள்.

வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேரு போட்டுருக்கீகளா?” என்று கேட்டார்கள்.

“உங்க பேரா? போடலை மதினி.”

“நல்லதாப் போச்சு. அந்த போர்டு விசயம் எளுதிருக்கீகளே, ஆபீசுல யாரும் பார்த்தா இவளுக்குல்ல வேலை போயிரும்” என்று பேத்தி இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார்கள். அப்புறம், “இத்தனை பக்கம் எளுதுனதுக்கு எவ்வளவு துட்டு குடுப்பாக?” என்றார்கள்.

சொன்னேன்.

“அதுக்கா இவ்வளவு நேரம் உக்காந்தீக?” என்று கேட்டுவிட்டு, காப்பித் தண்ணி போட உள்ளே எழுந்து போனார்கள்.